குப்புற எடுத்த படம்

ஜனவரி 6, திங்கள்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. எக்ஸ்ரே ஃபிலிம் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் என் மகள் யாழினி கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருஷத்து டைரியை மட்டும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஏனென்றால் இன்று சாயங்காலம் இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

இது நாற்பத்திரண்டாவது விண்ணப்பம். முப்பது பேர் பதிலே போடவில்லை. பதினோரு பேர், விசாவுக்கு ஸ்பான்சர் தர இயலாது என்று பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வாக்கியத்தில் வருத்தப்பட்டார்கள். இந்த ஆஸ்பத்திரி கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஸ்பான்சர் தருவோம் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் யாழினியும் கூடவே வரலாம். இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணியாயிற்று, அந்த நாட்டில் இந்த வேலை பார்ப்பதற்கான பதிவும் கைக்கு வந்துவிட்டது. இனி இந்த ஒரு படிதான் பாக்கி.

அவர்களுக்கு எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். சிடி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக அதுதான் வேலை. எக்ஸ்ரே எடுத்தது அதற்கு முன்பு, கோபியில் ஒரு ஸ்கேன் சென்டரில், மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்கும் அப்போதைய மேற்பார்வையாளர் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரி பத்துதான் கடைசி நாள், பத்தொன்பதில் நேர்முகம்.

அந்த சென்டரை மூடிவிட்டார்கள். முதலாளி டாக்டரும் காலமாகிவிட்டார். இருப்பது மேற்பார்வையாளராக இருந்த பீட்டரண்ணன் மட்டும். அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குவது பெரிய விஷயமே இல்லை.

ஜனவரி 8, புதன்

பீட்டரண்ணன் நம்பரைத் தேடினேன். பழைய ஃபோனோடு போய்விட்டது போலிருக்கிறது.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு வீட்டை ஒழித்தேன். பரணிலிருந்து மூன்று குக்கர் மூடி கிடைத்தது, குக்கர் ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் அவர் எனக்கு நேர்முகப் பயிற்சி கொடுத்தார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். லுங்கியும் பனியனுமாக, என் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, சோபாவில் வெள்ளைக்காரர்போல உட்கார்ந்தார். கேள்விகளை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"வந்த பேஷண்ட்டு சரியான ஆளான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பேரை அவங்க வாயாலயே சொல்ல வெப்பேனுங்க. நாமளா 'முருகேசனா?'ன்னு கேட்டா, காது கேக்காதவங்க அத்தன பேரும் முருகேசன் ஆயிருவாங்க."

அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "நீங்க வேலைல பண்ணின தப்பு ஒன்னு சொல்லுங்க."

"அப்படி ஒன்னும் பண்ணுனதில்லீங்க."

"பன்னெண்டு வருசத்துல ஒன்னுகூடவா இல்ல? நான் வாரத்துக்கு ஒரு காயில எரிய உடறேன்."

"மோட்டார் வேற, மனுசன் வேறங்க."

"அதத்தான் புள்ள நானும் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்துக் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் அடுப்படிக்கு ஓட, நேர்முகம் அத்தோடு முடிந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் கிழக்கே பொங்கியது. நல்ல சகுனம் என்றார் மாமியார். பீட்டரண்ணனைத் தேடிக் கோபிக்குப் பொங்கல் நோன்பி கழிந்து போனால் போதும்.

ஜனவரி 18, சனி

பழைய சென்டரில் ரிசப்ஷனில் இருந்த பெண்ணை மார்க்கெட்டில் பார்த்தேன். பீட்டரண்ணன் கோபி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். "உங்களுக்குத் தெரியாதாக்கா? அதுக்கப்பறம் அவரு எக்ஸ்ரே ரூம் பக்கமே போகலியே" என்றாள்.

எதற்கப்புறம் என்று நான் கேட்கவில்லை. அரைக் கிலோ அவரைக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

இன்று சிடி மேஜையில் படுக்க மாட்டேன் என்று ஒரு பெரியவர் அடம் பிடித்தார். இரண்டு நர்ஸும் ஒரு டாக்டரும் கெஞ்சிப் பார்த்துத் தோற்றார்கள். நான் போய், "ஐயா, உங்களுக்கு எத்தன ஏக்கருங்க, என்ன வெள்ளாம?" என்று மட்டும் கேட்டேன். மஞ்சள் விலை விழுந்த கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கேனும் முடிந்துவிட்டது. இந்த வித்தைக்கு இங்கிலாந்தில் என்ன விலை என்று தெரியவில்லை. அங்கும் விவசாயிகள் இருப்பார்கள்.

சாப்பிட்டுவிட்டு அந்த ஊர் முறைகளை வீடியோவில் பார்த்தேன். எக்ஸ்ரேயில் வலது இடது தெரிவதற்கு ஆர், எல் என்று ஈயத்தில் செய்த எழுத்தை வைப்போம் இல்லையா, அங்கே அதை ஒவ்வொருவரும் தன் பெயரின் முதலெழுத்தோடு செய்து பையில் வைத்துக்கொள்கிறார்கள். படம் எடுக்கும் முன்பே எழுத்தை வைத்துவிட வேண்டும். யார் எடுத்த படம் என்பது படத்திலேயே பதிந்துவிடும்.

நம் பக்கம் படத்தை எடுத்துவிட்டுச் சாவகாசமாகக் கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டுக்கொள்வோம். பீட்டரண்ணன் மட்டும் அதற்கு ஒப்ப மாட்டார். "எழுத்து மொதல்ல, படம் பொறகு" என்று உயிரை எடுப்பார். எனக்கு அது வீண் வேலையாகத்தான் பட்டது. இனி பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரி 25, சனி

கோபிக்குப் போய்வந்தேன். கவுந்தப்பாடி தாண்டியதும் வெல்லம் காய்ச்சும் வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. முன்பெல்லாம் எனக்கு அது பிடிக்கும்.

பீட்டரண்ணனுக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா மேகலா, வா. எத்தன வருசமாச்சு! நல்லாருக்கறயா?" என்றார். அவர் மனைவி ரெஜினாக்கா கல்லாவில் இருந்தார். கடையில் கூட்டம். அண்ணன் ஒவ்வொரு பிரதியாக எடுத்து வைக்க வைக்க, அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் வந்திருக்கா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ரெண்டு தடவ பாத்தீங்களா?"

"பாத்தேன் ரெஜினா."

"உங்க பார்வைதான் ஊருக்கே தெரியுமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். அண்ணன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கத்தைத் தாள் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு ஈய எழுத்தை வைத்திருந்தார். ஆர். பழைய சென்டரில் அவர் சட்டைப் பையிலேயே இருக்குமே, அதே எழுத்து.

நான் கொண்டுபோன முறுக்கைக் கொடுத்தேன். யாழினி எத்தனாவது படிக்கிறாள் என்று சொன்னேன். என் சான்றிதழ்களை இருபது பிரதி எடுத்துக்கொண்டேன். நாலு போதும்.

படிவம் பையிலேயே இருந்தது. கூட்டத்தில் எப்படிக் கேட்பது?

ஜனவரி 30, வியாழன்

எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது. வேறு யாரும் படிக்கப் போகாத டைரியில்கூடச் சுற்றி வளைத்தால் எப்படி? எழுதிவிடுகிறேன்.

2015, ஆடி மாதம். கருப்பணன் என்று ஒரு வெல்ல மண்டிக்காரர் வயிற்றுப் படம் எடுக்க வந்தார். சிறுநீரகத்தில் கல். முதுகில் கட்டி உடைந்து கட்டுப் போட்டிருந்ததால் மல்லாந்து படுக்க முடியவில்லை. அதனால் குப்புறப் படுக்க வைத்து எடுத்தேன். மல்லாந்து எடுத்தால் நோயாளியின் வலது பக்கம் படத்தில் நமக்கு இடது கைப் பக்கம் வரும். குப்புற எடுத்தால் அது அப்படியே மாறிவிடும். முதல் வருஷப் பாடம் இது. பீட்டரண்ணன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். அன்று கூட்டம் அதிகம். ஆறு பேரை வரிசையாக எடுத்துவிட்டு, கடைசியில் உட்கார்ந்து எல்லாப் படத்துக்கும் கம்ப்யூட்டரில் மடமடவென்று எழுத்தைப் போட்டேன். அவர் குப்புறப் படுத்தது எனக்கு மறந்துபோயிற்று. இடது பக்கத்துக் கல் வலது பக்கத்துக் கல் ஆகிவிட்டது.

கட்டி ஆறிய பிறகு ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மயக்க ஊசி போடும் முன்பு அந்த மனிதரே, "சாமி, எனக்கு வலி இந்தப் பக்கமுங்க" என்றாராம். அதனால் பிழைத்தார். நானும் பிழைத்தேன். சர்ஜன் சென்டருக்கே வந்து கத்தினார். யார் எடுத்த படம் என்று முதலாளி கேட்டார். படத்தில் பெயர் இல்லை. டியூட்டி நோட்டில் அன்றைய பொறுப்பு பீட்டரண்ணன் என்று இருந்தது. கதிர் படாமலிருக்க மாட்டும் லீட் ஏப்ரனை நான் மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஏப்ரனை மூன்று தடவை மடித்தேன்.

நாலாம் நாள் அண்ணனை நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதத்தில் எனக்கு ஈரோட்டில் வேலை கிடைத்தது. நல்ல வேலைக்காரி என்று பெயரும் எடுத்தேன். அந்தப் பெயர் பொய்யில்லை.

பிப்ரவரி 1, சனி

மறுபடி கோபி. மத்தியானம், ரெஜினாக்கா சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். படிவத்தைக் கொடுத்தேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார். நோயாளியின் பாதுகாப்பைப் பாதிக்கும்படி இவர் வேலையில் ஏதாவது நடந்ததுண்டா, ஆம் அல்லது இல்லை.

"இதுக்கு என்ன எழுதட்டும் மேகலா?"

என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "இல்லைன்னு போட்டுருங்கண்ணா."

அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கு ரூம்புல நீ மட்டுந்தானே இருந்தே. எனக்குத் தெரியாதா? மூணு நாள் பாத்தேன். நீயா சொல்லுவீன்னு இருந்தேன்."

"நீங்களே மொதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"படத்துல எழுத்து மொதல்ல வெச்சாங்களான்னு பாக்க வேண்டியது நான். டீக்கடைல இருந்தேன். எந்தப் பக்கம் பாத்தாலும் பாதித் தப்பு என்னுது." கண்ணாடியைக் கழற்றினார். "வேல போனது போச்சு. இந்தக் கடையே எனக்குப் போதும். ஆனா ரெஜினா இருக்கறாளே... அவகிட்ட நடந்தத நடந்தபடி சொன்னேன். 'பழியத் தூக்கி அந்தச் சின்னப் புள்ள மேல போடாதீங்க'ன்னுட்டா. அன்னைலருந்து கதவு பூட்டுனா ரெண்டு தடவ, கேஸ் மூடுனா ரெண்டு தடவ. நீ அவகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லு. அப்பறம் இதுல நீ என்ன எழுதச் சொன்னாலும் எழுதறேன். 'இல்லை'ன்னு போடச் சொன்னாலும் போடறேன்."

ரெஜினாக்கா சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வருவது தெரிந்தது. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

பத்து வருஷம் கழித்துக் கையெழுத்துக்கு விலை பேசுகிறார் மனிதர். நாற்பத்திரண்டு இடத்துக்கு எழுதியவளுக்கு நாற்பத்து மூன்றாவது கிடைக்காதா?

பிப்ரவரி 2, ஞாயிறு

கிடைக்காது. விலையும் இல்லை அது. கோபத்தில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில், ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது. முழுக்கக் கேட்டார். கையைத் துடைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும், என்னமோ இருக்குதுன்னு."

"என்னைக்குங்க?"

"அடுப்புல ஒன்னுமே வெக்காம கொழம்பு கருகற வாசன வந்துதே, அன்னைக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. மோட்டார் கொடுத்த கவுண்டர் வாசலிலேயே நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கிலாந்து இல்லாட்டியும் சோறு கெடைக்கும் புள்ள. நீ போய்ச் சொல்லீட்டு வா" என்றார் இவர். நான் கூட வரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். படம் எடுத்தது நான் மட்டும்தானே.

பிப்ரவரி 8, சனி

சொல்லிவிட்டேன்.

ரெஜினாக்கா தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் நின்றே சொன்னேன். கருப்பணன் பெயர், குப்புறப் படுத்தது, எழுத்தைப் பிறகு போட்டது, ஏப்ரனை மடித்தது எல்லாம். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நல்ல நல்ல வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "தப்பு என்னுதுங்கக்கா. அண்ணனுது இல்ல" என்றுதான் முடித்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார்.

"அப்ப நீங்க சொன்னது நெசந்தானா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த நேரம் ஒருவர் ரேஷன் கார்டு பிரதி எடுக்க வந்தார். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். வழக்கம்போலக் கையை நீட்டிய அக்கா, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். தாளை வாங்கிப் பார்க்கவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. வந்தவர் போன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பூட்டுன பூட்ட இழுத்துப் பாக்கச் சொல்லுவனே... பத்து வருசம்... ஒருக்காக்கூட என்னையத் திட்டலியே இந்த மனுசன்."

நான் பக்கத்தில் போனேன். கையை நீட்டித் தடுத்தார். "நீ போயிரு மேகலா. உன்னோட பேச எனக்கு இப்ப வாய் வராது."

நியாயம்தான். படிவத்தை அண்ணனிடம் கொடுத்து, "ஆமாம்னு எழுதுங்கண்ணா" என்றேன். அவர் எழுதினார். என்ன நடந்தது என்று மூன்று வரி. அதற்குக் கீழே, நோயாளியே சொல்லித் தெரியவந்தது, இப்போது இவரே வந்து ஒப்புக்கொண்டார், பாதிப் பொறுப்பு என்னுடையது என்று. கடைசி வரியில், நோயாளிகளைப் படுக்க வைப்பதில் இவரைப் போல் கை நயம் உள்ளவரை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். அதை நான் பஸ்ஸில் வந்துதான் படித்தேன். நல்லவேளை, ஜன்னல் சீட்டு கிடைத்திருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

படிவத்தை அனுப்பிவிட்டேன். 'ஆம்' என்பதோடுதான். வேலை கிடைத்தால் என் திறமை. கிடைக்காவிட்டாலும் திறமை எங்கும் போய்விடாது.

பிப்ரவரி 19, புதன்

நேர்முகம் வீடியோவில்தான். கேமரா முன் உட்கார்ந்தேன். கேமராவுக்குத் தெரிகிற மேல்பாதிக்கு மட்டும் பட்டு, கீழே நைட் பேண்ட் என்று அவர் கேலி செய்தார். பொய், காட்டன் புடவைதான் கட்டியிருந்தேன். மூன்று பேர் கேட்டார்கள். நடுவில் இருந்த பெண்மணி என் படிவத்தைக் கையில் வைத்திருந்தார்.

அந்தக் கேள்வி வந்தது. கருப்பணன் பெயரை மட்டும் விட்டுவிட்டு முழுவதையும் சொன்னேன். இதை ஏன் பத்து வருஷம் சொல்லவில்லை என்று அந்தப் பெண்மணி கேட்டார். பயம் என்றேன். இங்கே தவறு நடந்தால் எப்போது சொல்வீர்கள் என்றார்.

"அந்த நோயாளி மேஜையை விட்டு இறங்கும் முன்பே" என்றேன். இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

மூவரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கடைசியாக, எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். உங்கள் ஊரில் என்ன வெள்ளாமை என்று கேட்டேன். உருளைக்கிழங்காம்.

பிப்ரவரி 27, வியாழன்

கிடைத்துவிட்டது! ஸ்பான்சர் கடிதம் மூன்று வாரத்தில் வரும். யாழினி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் கடையை அடைத்துவிட்டு வந்து, என் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு சோபாவில் வெள்ளைக்காரர்போல உட்கார்ந்தார்.

மார்ச் 3, திங்கள்

பீட்டரண்ணனுக்கு ஃபோனில் சொன்னேன். "எழுத்து மொதல்ல" என்றார். "படம் பொறகுங்கண்ணா" என்றேன். அக்கா பக்கத்தில் இருந்தார் போல, பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 17, சனி

விசா வந்தாயிற்று. அடுத்த ஞாயிறு விமானம். ஈரோட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமா? ஆனாலும் பாஸ்போர்ட்டையும் மற்றக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கோபிக்குப் போனேன். வெல்ல வாசனை இன்றும் வந்தது.

அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தார். ரெஜினாக்கா கல்லாவில் இருந்தார். வா என்று சொல்லவில்லை, ஆனால் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன்.

எடுத்து முடித்துக் கத்தையை அண்ணன் நீட்டினார். அக்கா வாங்கினார். புரட்டிப் பார்க்காமல் அப்படியே என் மடியில் வைத்தார்.

"அவரு எடுத்தாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். "நீ பாரு. ரெண்டு பக்கமும் வந்திருக்கா?"

"வந்திருக்குதுங்கக்கா."

"ரெண்டு தடவ பாத்தியா?"

நான் முதல் தாளிலிருந்து மறுபடி பார்த்தேன்.